‘காப்பாளர் சான்றிதழ் கொண்டு வாருங்கள்’ என்கிறார்கள்: எனக்கு எதற்குக் காப்பாளர்?

திருமங்கலத்தான்

திருமங்கலத்தில் பெற்றோருடனும் அண்ணன் குடும்பத்துடனும் வசிக்கிறேன். பிறவியிலிருந்தே மூளை முடக்குவாதம். வலது கை சொன்ன பேச்சு கேட்காது, பேச்சு இழுக்கும், பழகாதவர்களுக்கு நான் சொல்வது முதல் தடவையில் பிடிபடாது. தொலைநிலைக் கல்வியில் பி.காம். முடித்து, உள்ளூர்க் கடைகள் சிலவற்றுக்கு வீட்டிலிருந்தே ஜி.எஸ்.டி. கணக்குப் பார்த்து வருகிறேன். இப்போது மதுரையில், கீழமாசி வீதிப் பக்கம் ஒரு மொத்த வியாபாரக் கடையில், கணக்கு வேலைக்கு அழைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துத் தங்கலாம் என்று நினைக்கிறேன்.

சம்பளத்துக்காக என் பெயரில் கணக்கு தொடங்க ஒரு வங்கிக் கிளைக்கு அண்ணனுடன் சென்றேன். மேலாளர் என் பெயரைக்கூட அண்ணனிடம்தான் கேட்டார். என் கையெழுத்து ஒருமுறை போட்டது போல் மறுமுறை வராது என்பதைப் பார்த்துவிட்டு, “கார்டியன் சர்டிபிகேட் வாங்கிட்டு வந்துருங்க, ஒரு பிரச்சினையும் இல்ல” என்று அண்ணனிடமே சொல்லி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். அப்பா கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறார். அவருக்கு என்மீது பாசம் குறைவில்லை. நான் ஏமாந்துபோவேன் என்று உண்மையாகவே அஞ்சுகிறார். கடைக்காரர்களின் கணக்கில் பிழை கண்டுபிடித்துக் கொடுக்கும் ஒருவன் தன் சம்பளக் கணக்கில் ஏமாந்துவிடுவான் என்று எப்படி நினைக்கிறார் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.

கணக்குத் தொடங்கச் சட்டப்படி காப்பாளர் வேண்டுமா? எனக்கு விருப்பமில்லாதபோது ஒருவரைக் காப்பாளராக நியமித்துவிட முடியுமா? இவை தவிர, வீட்டைவிட்டுத் தனியே வாழத் தொடங்கியவர்கள் யாராவது இங்கே இருந்தால், எப்படித் தொடங்கினீர்கள் என்று எழுதுங்கள்.

வழக்குக்கட்டு

மதுரைக் கிளை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். முதல் கேள்விக்கு நேரடிப் பதில்: வேண்டியதில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 13-ஐ எடுத்துப் படியுங்கள். சொத்து வைத்திருக்கவும், அதை ஆளவும், தம் பணத்தைத் தாமே நிர்வகிக்கவும், வங்கிக் கடன் பெறவும் மற்றவர்களுக்கு உள்ள அதே உரிமை மாற்றுத்திறனாளிக்கும் உண்டு என்று அது சொல்கிறது. கையெழுத்து மாறுவதும் ஒரு தடையன்று. கையெழுத்திட முடியாத வாடிக்கையாளரின் கைவிரல் ரேகையையோ கால்விரல் ரேகையையோ, வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட, அவர்களில் ஒருவர் வங்கி அலுவலராக இருக்க, பெற்றுக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கியின் வாடிக்கையாளர் சேவை விதிகளிலேயே வழி இருக்கிறது. மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே குரல் மாறிவிடும். எழுத்துப் புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவு தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

இரண்டாவது கேள்வி சற்றுச் சிக்கலானது. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளவர்களுக்கு மட்டுமானது. மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழு, பெற்றோரோ உறவினரோ விண்ணப்பித்தால் காப்பாளரை நியமிக்கலாம். ஆனால் அதே சட்டத்தின் பிரிவு 14, இந்த நபருக்குக் காப்பாளர் தேவையா, தேவையென்றால் எந்தக் காரியத்துக்கு என்பதைக் குழு முதலில் பார்க்க வேண்டும் என்கிறது. விண்ணப்பம் வந்தால் சான்றிதழ் போகும் என்று அதற்குப் பொருளில்லை. போதாக்குறைக்கு, வேறு எந்தச் சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்ட காப்பாளரும் வரையறுக்கப்பட்ட காப்பாளராகவே கருதப்படுவார் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அந்த நபரின் விருப்பப்படி, இருவரும் சேர்ந்து முடிவெடுப்பதே அதன் வடிவம். நடைமுறையில், சான்றிதழைக் கையில் வைத்திருப்பவரை எல்லாவற்றுக்கும் அதிபதியாகவே அலுவலகங்கள் நடத்துகின்றன. அதனால்தான் தேவையில்லாத சான்றிதழை வாங்கி வைக்காதீர்கள் என்கிறேன்.

மேலூர்த் தாய்

வழக்கறிஞர் ஐயா சொல்வது தாளில் சரியாக இருக்கலாம். என் மகனுக்கு 24 வயது, அறிவுசார் குறைபாடு. பத்து ரூபாய்த் தாளுக்கும் ஐந்நூறு ரூபாய்த் தாளுக்கும் வித்தியாசம் தெரியாது. யார் சிரித்துப் பேசினாலும் பின்னால் போய்விடுவான். என் மாமனார் காலமான பின் பாகப்பிரிவினைப் பேச்சு வந்தபோது, உறவுக்காரர் ஒருவர் புதுச்சட்டை வாங்கிக் கொடுத்து இவனைக் காரில் ஏற்றிக்கொண்டு பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போய்விட்டார். பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் ரேகை வாங்குவதற்குள் பக்கத்துக் கடைக்காரர் எங்களுக்குத் தொலைபேசியில் சொன்னதால் தப்பித்தோம். பெருவிரலில் மை பூசிக்கொண்டு சிரித்தபடி நின்ற பிள்ளையைப் பார்த்த தாயிடம் வந்து சுதந்திரம் என்று சொன்னால் எப்படிக் காதில் ஏறும்?

திருமங்கலத்துத் தம்பி படித்தவர், தமக்காகத் தாமே எழுதுகிறார். அவர் பேசட்டும், வாழட்டும், மனதார வாழ்த்துகிறேன். பேசத் தெரியாத பிள்ளைகளையும் அதே தராசில் வைக்காதீர்கள். எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள் என்ற கேள்வி இல்லாமல் நான் ஓர் இரவும் தூங்கியதில்லை. அந்தச் சான்றிதழ் ஒன்றுதான் எனக்குப் பிடிமானம்.

திருமங்கலத்தான்

அம்மா, உங்கள் அச்சத்தை நான் மறுக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் மகனைக் காரில் ஏற்றிக்கொண்டு போனவர் உறவினர். உங்களுக்குப் பிறகு காப்பாளராக வரப்போகிறவரும் பெரும்பாலும் ஓர் உறவினர்தானே? அன்று அவருக்கு ரேகை தேவைப்பட்டது. காப்பாளராகிவிட்டால் அதுவும் தேவைப்படாதே.

வழக்குக்கட்டு

தம்பியின் கேள்வி சட்டம் இயற்றியவர்களுக்கும் எழுந்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 13-இலேயே, நிதி, சொத்து முதலிய விஷயத்தில் உதவுபவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் நலன் மோதுமானால், அந்தக் காரியத்தில் உதவுபவர் விலகி நிற்க வேண்டும் என்று இருக்கிறது. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி காப்பாளரானவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், பிறகு ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கையும் தர வேண்டும். புறக்கணித்தாலோ சொத்தைக் கையாடினாலோ அவரை நீக்கவும் வழி உண்டு. மேலூர் அம்மா, உங்கள் மகனுக்குக் காப்பாளரே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேண்டுமென்றால், “பூர்வீகச் சொத்து தொடர்பான ஆவணங்களுக்கு மட்டும்” என்று விண்ணப்பத்திலேயே வரையறுத்துக் கேளுங்கள். அவர் என்ன சாப்பிடுவது, யாரோடு பழகுவது, எங்கே தங்குவது என்பதையெல்லாம் ஏன் அதே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும்?

பழைய ஆசிரியர்

இழையை முதலிலிருந்து படித்தேன். மன்னிக்கவும், இந்தத் தனித்து வாழ்தல், தனக்காகத் தானே வாதாடுதல் எல்லாம் மேல்நாட்டுச் சரக்கு. அங்கே பதினெட்டு வயதானால் பிள்ளை தனி, பெற்றோர் தனி. இங்கே குடும்பமே காப்பு. உசிலம்பட்டிப் பக்கம் நான் வேலை பார்த்த ஊர்களில், கால் நடக்காத தம்பியை அண்ணன் தோளில் தூக்கிக்கொண்டு சித்திரைத் திருவிழாவுக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். அந்த உறவை அறுத்துவிட்டு வாடகை அறையில் என்ன கிடைக்கப்போகிறது?

மூன்றுசக்கரம்

ஐயா, தூக்கிக்கொண்டு போன அண்ணனை வணங்குகிறேன். தம்பி எந்த நாள் போக விரும்பினான், எதிர்சேவையா, ஆற்றில் இறங்குவதா, அல்லது கூட்டமே வேண்டாம் என்று வீட்டில் இருக்க விரும்பினானா என்று யாராவது கேட்டார்களா என்பதுதான் இங்கே பேசப்படுகிறது.

சரக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 1972-இல் அமெரிக்காவின் பெர்க்லியில், போலியோவால் கழுத்துக்குக் கீழே இயக்கமிழந்த எட் ராபர்ட்ஸும் அவருடைய நண்பர்களும் தனித்து வாழ்வதற்கான மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். 1974-இல் ஒரேகான் மாநிலத்தில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் தாங்களே மாநாடு கூட்டினார்கள்; ‘முதலில் நாங்கள் மனிதர்கள்’ என்று பொருள்படும் பெயரில் அந்த இயக்கம் பல நாடுகளுக்குப் பரவியது. பேசத் தெரியாதவர்கள் என்று எல்லோரும் முடிவுகட்டி வைத்திருந்தவர்கள் கூட்டிய மாநாடு அது. மேலூர் அம்மா இதைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் தென்காசிப் பக்கம் ஆய்க்குடிக்கு வாருங்கள். 1975-இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது ஏற்பட்ட விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவருடன் சேர்ந்து அதை வளர்த்த எஸ். சங்கரராமன் தசைச் சிதைவு நோய் உள்ளவர். குடும்பத்தை அறுத்துக்கொண்டு யாரும் போகவில்லை. முடிவெடுக்கும் நாற்காலியில் தாங்களே அமர்ந்தார்கள், அவ்வளவுதான்.

இனி, தம்பி கேட்ட அறை விவகாரம். நான் முதுகுத்தண்டு காயம்பட்டவன், சக்கர நாற்காலி, வெளியே போக இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர். கே.கே. நகர்ப் பக்கம் தனியே இருக்கிறேன். வீடு தேடும்போது வாடகையைவிட நிலைப்படியைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருந்தது. மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் தெருவிலிருந்து திண்ணைக்கு ஏற இரண்டு படி, அதற்குமேல் ஒரு நிலைப்படி, உள்ளே முற்றத்துக்கு இறங்க இன்னொன்று; கழிப்பறை கொல்லையில். உங்களுக்கு நடக்க முடியும் என்பதால் படி பெரிய தடையாக இராது. ஆனால் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாத குளியலறை உங்களுக்கு ஆபத்து. சுவரில் பதிக்கும் எஃகுக் கைப்பிடி வன்பொருள் கடையில் கிடைக்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வீட்டுக்காரரிடம் சுவரில் துளையிட அனுமதி வாங்கிவிடுங்கள்.

வீட்டுக்காரர்கள் நொண்டிச் சாக்கு சொல்வதில்லை, நேராகவே சொல்வார்கள்: “நீங்க விழுந்து கிழுந்து வச்சா நாங்கள்ல பதில் சொல்லணும்.” அப்போது உங்களுடன் வந்திருப்பவரிடம் பேச்சு திரும்பும். கூட வருபவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: அவர் வாயே திறக்கக் கூடாது, கேள்வி தன்னிடம் வந்தால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். கொஞ்சம் தர்மசங்கடமாக இருக்கும். கேட்டவர் தாமாகவே உங்கள் பக்கம் திரும்புவார்.

இன்னொன்று. நான் தனியே இருக்கிறேன் என்றால் எல்லாவற்றையும் நானே செய்கிறேன் என்று பொருளில்லை. காலையில் எனக்குக் குளிக்க உதவ ஒருவர் வருகிறார். அவருக்குச் சம்பளம் நான் தருகிறேன். ஆறு மணிக்கா எட்டு மணிக்கா என்பதை நான் சொல்கிறேன். வீட்டில் இருந்தபோதும் இதே உதவி கிடைத்தது. ஆனால் மதினி அடுப்படி வேலையை முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, அதற்கப்புறம்தான் என் முறை வரும். அவரையும் குறை சொல்ல வழியில்லை.

தொட்டெழுத்து

பார்வையற்ற ஆசிரியை. வங்கி பற்றி ஒரு சொல். பார்வையற்றவர்களுக்குக் காசோலைப் புத்தகம், ஏ.டி.எம். அட்டை, பெட்டக வசதி எதையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008-இலேயே அறிவுறுத்திவிட்டது. இன்றைக்கும் “கூட்டுக் கணக்காத் தொடங்கிக்கங்களேன்” என்பவர்கள் இருக்கிறார்கள். இனிமையாகச் சொல்வதால் அது மறுப்பு இல்லை என்று ஆகிவிடாது.

வாக்குச்சாவடியிலும் இதே கதைதான். 18 வயது நிறைந்த எந்தத் துணையாளரையும் உடன் அழைத்துச் செல்லலாம். யாரை என்பது வாக்காளரின் தெரிவு. துணையாளர் இரகசியம் காப்பதாக உறுதிமொழி தர வேண்டும். ஆனால் அங்கிருக்கும் அலுவலர், “சாருக்குத் தெரியும்ல, போட்டுருவாரு” என்று என் கணவரைக் காட்டிச் சொன்னார். இயந்திரத்தில் பிரெய்ல் எண் இருக்கிறது, நானே அழுத்துகிறேன் என்று சொல்லி நானே அழுத்திவிட்டு வந்தேன். என் கணவர் வேறு கட்சி.

மழைக்காலம்

மனநோய்க்குச் சிகிச்சை பெற்று வருபவள் நான். எங்களைப் பற்றியும் பேசுங்கள். குடும்பமே காப்பு என்று ஆசிரியர் ஐயா எழுதியிருக்கிறார். இங்கிருந்து தொலைவில் இல்லாத ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பெரும்பாலும் குடும்பத்தார்; எல்லோரும் கொடியவர்கள் என்றும் சொல்ல மாட்டேன், வேறு போக்கிடம் அறியாதவர்களாகவும் இருந்திருப்பார்கள். ஆனால் அங்கே இருக்கச் சம்மதமா என்று அந்த 28 பேரிடம் கேட்டிருப்பார்களா?

மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம், 2017, யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்கிறது. நோய் முற்றிய வேளையில் எனக்கு எந்தச் சிகிச்சை தரலாம், எது கூடாது என்று தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கவும், எனக்காகப் பேச ஒரு பிரதிநிதியை நானே நியமிக்கவும் அதில் இடமிருக்கிறது. நான் என் தோழியின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். என் அண்ணனுக்கு வருத்தம்தான். நோயில் நான் கத்தும்போது அவனும் சேர்ந்து கத்துவான், அவள் உட்கார்ந்துகொள்வாள். காரணம் அவ்வளவே.

பழைய ஆசிரியர்

ஏர்வாடியைச் சொன்னபின் என்னிடம் எதிர்வாதம் இல்லை. ஆனால் நிறுவனத்தில் நடந்த கொடுமையை வீட்டின் தலையில் முழுதாகக் கட்ட முடியாது என்றும் எண்ணுகிறேன். வீட்டுக்கு உதவி தராமல் வீட்டைக் குறை சொல்வது அரசாங்கத்துக்கு மிகவும் வசதியான வாதம். பராமரிப்புக்கென்று மாதம் 2000 ரூபாய் தருகிறார்கள். அதில் ஓர் உதவியாளருக்கு எத்தனை நாள் சம்பளம் கொடுக்கலாம் என்று மூன்றுசக்கரம் அவர்களே சொல்லட்டும்.

மூன்றுசக்கரம்

இதில் நீங்களும் நானும் ஒரே கட்சி, ஐயா. ஒரு வாரத்துக்குக்கூடக் காணாது. என் ஊதியத்தில் பெரும்பகுதி அதற்கே போகிறது. வேலை இல்லாதவர் தனித்து வாழ்வது இன்றைய நிலையில் எட்டாக்கனி. அதைக் கேட்கும் இடத்தில் நாமே இருக்க வேண்டும். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க 2025-இல் சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்றியது. நல்ல செய்தி. ஆனால் நியமிக்கப்படுகிறவர் எதற்கும் தலையாட்டுபவராக இருந்தால், அங்கேயும் நமக்குப் பதிலாக வேறொருவர் பேசிக்கொண்டிருப்பார்.

மேலூர்த் தாய்

எல்லோரும் எழுதியதைப் பொறுமையாகப் படித்தேன். சண்டைக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். விருப்பத்தைக் கேள், கேள் என்கிறீர்கள். என் மகன் எதைக் கேட்டாலும் ‘ஆமா’ என்பான். “பள்ளிக்கூட மையத்துக்குப் போறியா சாமி” என்றால் ஆமா. “வீட்லயே இருக்கியா” என்றாலும் ஆமா. இதில் அவன் விருப்பம் எது என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

திருமங்கலத்தான்

அம்மா, என்னுடன் சிறப்புப் பள்ளியில் படித்த நண்பன் ஒருவன் இப்படித்தான் ‘ஆமா’ என்பான். ஆமா சொன்னால் பெரியவர்கள் முகம் மலரும் என்று கற்றுக்கொண்டிருந்தான். எங்கள் ஆசிரியை அவனிடம் ஆமா, இல்லை என்று பதில் வரும் கேள்வியையே கேட்க மாட்டார். இரண்டு பொருள்களை அவன் முன் வைப்பார். எதை எடுக்கிறான் என்று பார்ப்பார். இடம் மாற்றி வைத்து இன்னொரு நாள் பார்ப்பார். வேறொருவரை விட்டும் காட்டச் சொல்வார். எடுப்பதைவிட, தள்ளிவிடுவதைத்தான் கூர்ந்து கவனிப்பார். மையத்தையும் வீட்டையும் காட்டும் படங்களை அலைபேசியில் எடுத்து வைத்து முயன்று பாருங்கள். ‘மாட்டேன்’ என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்பது அவனுக்கு முதலில் தெரிய வேண்டும். அதற்குச் சோறு, சட்டை போன்ற சின்ன விஷயங்களில் அவன் மறுப்பதை விட்டுக்கொடுத்துப் பழக வேண்டியிருக்கும்.

மேலூர்த் தாய்

சட்டையைச் சொன்னீர்கள் பாருங்கள். மையத்து வண்டி வரும் நேரத்தில் தினமும் அழுவான். மையம் பிடிக்கவில்லை போலும் என்று நிறுத்திவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி சீருடையையும் பழைய சட்டையையும் கட்டிலில் வைத்துப் பார்த்தேன். சீருடையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் எறிந்துவிட்டு, பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் வண்டிக்கு நின்றான். கழுத்துப் பட்டை விறைப்பாக இருந்து உரசியிருக்கிறது. நாளைக்கு மையத்தில் பேசப் போகிறேன்.

சான்றிதழ் விஷயத்தில் என் முடிவு இன்னும் மாறவில்லை. வழக்கறிஞர் ஐயா சொன்னபடி சொத்துக்கு மட்டும் என்று எழுதிக் கேட்கலாமா என்று என் கணவரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

திருமங்கலத்தான்

என் நிலவரம். கணக்குத் தொடங்க மறுப்பதற்கான காரணத்தை எழுதித் தருமாறு மனுக் கொடுத்தேன். மேலாளர் மண்டல அலுவலகத்துடன் பேசிவிட்டு, ரேகை வைத்துத் தொடங்க ஒப்புக்கொண்டார். வங்கிக் கணக்குப் புத்தகம் என் பெயரில் மட்டும் வந்துவிட்டது. அப்பா விண்ணப்பத்தை அதற்கு முன்பே கொடுத்துவிட்டிருந்தார். குழு அழைத்திருக்கிறது. நானே நேரில் பேசப்போகிறேன். என் பேச்சு புரியாமல் அவர்கள் அப்பாவின் பக்கம் திரும்பிவிடுவார்களோ என்பதுதான் கவலை.

வழக்குக்கட்டு

முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். நியாயமான வசதி ஏற்பாடு செய்து தருவது 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களின் கடமை. “என் பேச்சைப் பழகிய ஒருவர் உடன் இருந்து, நான் சொல்வதைத் திருப்பிச் சொல்ல அனுமதிக்க வேண்டும், போதிய நேரம் தர வேண்டும், தட்டச்சு செய்து காட்டவும் அனுமதிக்க வேண்டும்” என்று மனுவில் இருக்கட்டும். காப்பாளர் உங்களுக்குத் தேவையில்லை என்பதற்கு, நீங்கள் கணக்கு எழுதும் கடைக்காரர்களிடம் ஆளுக்கொரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். புதிய வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகலையும் சேருங்கள். மனுவை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

மூன்றுசக்கரம்

உடன் ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். உங்கள் பேச்சைப் பழகிக்கொள்ள இன்றிலிருந்து தினமும் மாலையில் அழையுங்கள். நீங்கள் சொன்னதை மட்டும் சொல்வேன். ‘தம்பி என்ன சொல்ல வர்றார்னா’ என்று ஆரம்பித்தால் அங்கேயே என்னை நிறுத்திவிடுங்கள்.

திருமங்கலத்தான்

வாருங்கள் அண்ணே. இன்று ஏழு மணிக்கு அழைக்கிறேன். அப்பாவும் அன்றைக்கு என்னோடுதான் வருகிறார். இருவரும் ஒரே பேருந்தில் வருகிறோம். மாட்டுத்தாவணியில் இறங்குவதா பெரியாரில் இறங்குவதா என்பதில் மட்டும் இப்போதைக்கு எங்களுக்குள் கருத்து வேறுபாடு.